உதவியின் தேதி

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்பது இங்கு வரும் நண்பர்களுக்குப் புதிய செய்தி அல்ல. திருப்பித் தர வேண்டிய பணம் என்பது ஒன்று. செய்தே தீர வேண்டிய கடமை என்பது மற்றொன்று. யார் யாருக்கு எது கடமை என்று வரிசைப்படுத்தும் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலில் (312) அச்சொல் இரண்டாம் பொருளிலேயே ஆளப்படுகிறது. பிள்ளையைச் சான்றோனாக்கும் பொறுப்பை அப்பாடல் தந்தையிடம் ஒப்படைக்கிறது. அரசனுக்கும் ஒரு பங்கை ஒதுக்குகிறது. இன்று 'கல்விக் கடன்' என்று நாம் சொல்லும்போது முதற்பொருள் மட்டுமே காதில் விழுகிறது. இரண்டாம் பொருளை அரசும் வங்கியும் கல்லூரியும் முற்றிலும் மறந்துவிட்டன என்று கூறுவது நியாயமாகாது. மறந்தது அதில் ஒரு பகுதியை மட்டுமே. கடமையைச் செய்தால் போதாது, உரிய நாளில் செய்ய வேண்டும் என்பதே அந்தப் பகுதி. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கல்லூரிப் படிப்புக்குப் பொருளுதவி தரும் திட்டங்களுக்குத் தமிழகத்தில் பஞ்சமில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக, குறிப்பிட்ட வருமான வரம்புக்குட்பட்ட அம்மாணவர்களின் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 இருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டிலிருந்து வழங்கப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. நடுவண் அரசின் பக்கம், 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம், 2009-10இல் வந்த வட்டி மானியம், 2015இல் திறக்கப்பட்ட வித்யாலட்சுமி இணையதளம், 2024 நவம்பரில் அமைச்சரவை ஏற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் என்று ஒரு வரிசை உண்டு.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். யாருக்கு என்பதும், எவ்வளவு என்பதும், எந்தச் சான்றிதழோடு என்பதும் எல்லாவற்றிலும் திட்டவட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. எந்த நாளுக்குள் பணம் கைக்கு வரும் என்பது மிகச் சிலவற்றிலேயே திட்டவட்டமாக இருக்கிறது. மாணவர் கட்டணம் செலுத்த வேண்டிய நாள் மட்டும் ஒவ்வோராண்டும் தவறாமல் அச்சாகிறது.

*

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் ஆவடியையும் திருநின்றவூரையும் தாண்டினால் வருவது வேப்பம்பட்டு. நகரத்துக்குள் ஒரு மனை வாங்க வழியில்லாதவர்கள், ரயில் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் வந்து வீடு கட்டிக் குடியேறிய ஊர்களுள் அதுவும் ஒன்று. காலை ரயில்களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் நகரத்துக்கும் வேலைக்குச் செல்வோர் கூட்டம் ஏறும். அதே நேரத்தில் சாலையில் பொறியியல் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகச் செல்லும். பெருமாள்பட்டு, திருநின்றவூர், ஆவடி, பூந்தமல்லி என்று சுற்றுவட்டாரமெங்கும் சுயநிதிக் கல்லூரிகள். 1984இல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்ட பின் உருவான நிலக்காட்சி இது. கல்லூரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அதன் கட்டணம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் இயக்குபவர். தாய் ஏற்றுமதி ஆடை நிறுவனமொன்றில் தையல் வேலை செய்பவர். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும். மகள் எட்டாம் வகுப்புவரை அருகிலிருந்த சிறு மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு, கட்டணம் கட்ட முடியாமற்போனதால் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறியவள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற விதியால் உள் ஒதுக்கீடும் அதனோடு வரும் முழுக் கட்டண விலக்கும் அவளுக்குக் கிடையா. முதல் பட்டதாரிச் சலுகை உண்டு; வங்கிக் கடனுக்கு முயலலாம். இத்தகைய குடும்பங்களை அந்த ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் காணலாம் என்பது என் எண்ணம்.

கலந்தாய்வில் அவளுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. 2022இல் கொண்டுவரப்பட்ட நடைமுறைப்படி, ஒதுக்கீடு பெற்றவர் ஏழு நாள்களுக்குள் கட்டணம் செலுத்திச் சேர்க்கையை உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். இடங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வீணாக்குவதைத் தடுக்க வந்த விதி அது. நோக்கம் நல்லதே.

முதல் பட்டதாரிச் சலுகை, சான்றிதழ் கையில் இருந்தால், கட்டணத்திலேயே கழிந்துவிடும். மீதிக் கட்டணம், பேருந்து, புத்தகம், இன்ன பிற என்று எஞ்சுவது 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்குச் செல்கிறார்கள். நான்கு லட்சம்வரை பிணை வேண்டாம், பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும் என்பது மாதிரித் திட்டத்தின் விதி. ஒதுக்கீட்டு ஆணை, வருமானச் சான்றிதழ், கல்லூரியின் கட்டண விவரம், கல்லூரியில் படிக்கிறார் என்பதற்கான 'போனஃபைடு' சான்றிதழ் என்று வங்கி கேட்கிறது. போனஃபைடு வேண்டுமானால் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது கல்லூரி. சேர வேண்டுமானால் பணம் கட்டியிருக்க வேண்டும். பணம் வேண்டுமானால் போனஃபைடு வேண்டும். இந்த வட்டத்தைச் சுற்றாத கல்விக் கடன் குடும்பம் அரிது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறையான கடன் விண்ணப்பத்தின் மீது பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது வங்கிகளின் நெறி. வங்கி மேலாளர் நல்லவர், விதிப்படி நடப்பவர் என்றே கொள்வோம். அவர் பதினைந்தாம் நாளில் கையெழுத்திட்டாலும் மாணவியின் ஏழாம் நாள் கடந்துவிட்டிருக்கும். இருதரப்பும் தத்தம் விதியை அப்பழுக்கின்றிப் பின்பற்றினாலே அந்தப் பெண் இடத்தை இழப்பாள். நம் ஊரில் கல்விக் கடன் பற்றிய பேச்செல்லாம் இரக்கமற்ற மேலாளர், பேராசைக் கல்லூரி என்ற இரு பாத்திரங்களோடு முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களே இல்லாவிட்டாலும் இச்சிக்கல் இருக்கும். இரண்டு நாள்காட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த இடைவெளியை இட்டு நிரப்புவது யார்? அடகுக்கடையும் வட்டிக்காரரும். நூறுக்கு மூன்று வட்டியில் 60,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,800 ரூபாய். வங்கிப் பணம் வந்து சேர நான்கு மாதம் ஆனால் 7,200 ரூபாய். புதுமைப்பெண் திட்டத்தில் ஒரு மாணவி ஏழு மாதம் பெறும் தொகையைவிடச் சற்றுக் கூடுதல் அது. வங்கி, கடனைக் கல்லூரியின் பெயருக்கே செலுத்தும். ஏற்கெனவே கட்டிய பணத்தை ரசீது காட்டித் திரும்பப் பெறுவது தனிப் போராட்டம். ஆக, அரசு ஒரு கையால் தரும் தொகையின் கணிசமான பங்கைத் தாமதம் மறுகையால் எடுத்துக்கொள்கிறது. தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவர் எப்போதும் விண்ணப்பதாரரே.

தாமதத்துக்கான காரணங்களும் எளிதில் பிறந்துவிடுகின்றன. 'உங்கள் வீடு எங்கள் கிளையின் எல்லைக்குள் வராது' என்பது நெடுநாள் புழங்கிய பதில். அக்காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கலாகாது என்று 2012 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்திவிட்டது. 'சிபில் மதிப்பெண் குறைவு' என்பது அடுத்த பதில். அதைமட்டும் காட்டி மாணவரின் கல்விக் கடனை மறுப்பது தகாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் வாதாடினால் வெல்லலாம். ஆனால் வாதாடி வெல்லும்போது ஏழாம் நாள் எங்கே இருக்கும்?

*

தாமதம் ஒரு குடும்பத்தை மட்டும் அல்ல, ஒரு நல்ல திட்டத்தையே எப்படிக் கேலிக்குரியதாக்கும் என்பதை நாம் 2020 நவம்பரில் கண்டோம். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் முதன்முறையாக மருத்துவக் கலந்தாய்வு நடந்தது. கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் மருத்துவ இடம் பெற்ற செய்தி நாடெங்கும் மகிழ்ச்சியோடு பேசப்பட்டது. ஆனால் தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்த சிலர், கட்டணத்தைக் கேட்டதும் அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினர். கலந்தாய்வு தொடங்கிச் சில நாள்கள் சென்ற பிறகு, கட்டணத்தை அரசே செலுத்தும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள் இடத்தை விட்டவர்களுள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அதே அரசு, அதே கருவூலம், அதே தொகை. சில நாள்கள் முந்தி வந்திருந்தால் எவரும் அழுதுகொண்டு திரும்பியிருக்க மாட்டார்கள்.

அந்த அறிவிப்பில் பாராட்டத்தக்க ஒரு கூறும் இருந்தது. உதவித்தொகை ஒப்புதலாகி வரும்வரை காத்திராமல் கல்லூரிக்கு உடனே பணம் செலுத்த ஒரு சுழல்நிதி ஏற்படுத்தப்படும் என்று அரசு கூறியது. தொகையைப் போலவே தேதியும் உதவியின் ஓர் அங்கம் என்பதை ஓர் அரசு உணர்ந்த தருணம் அது. 2021இல் பொறியியலுக்கு உள் ஒதுக்கீடு வந்தபோது, கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது சேர்க்கையின் போக்கிலேயே அறிவிக்கப்பட்டது. பாடம் கற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அந்தப் பாடம் அத்திட்டத்தின் எல்லையோடு நின்றுவிட்டது.

இந்தியாவில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944இல், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கியது. உதவித்தொகையின் தேதி என்னவெல்லாம் செய்யும் என்பதைத் தம் வாழ்வில் அறிந்தவர் அவர். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 11½ பவுண்டு உதவியோடு நியூயார்க் சென்றார். பின்பு லண்டனில் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை நடுவில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. மீண்டும் லண்டன் செல்ல 1920 ஆயிற்று. அத்தகைய மன உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. விட்ட இடத்துக்கு மூன்றாண்டு கழித்துத் திரும்ப எல்லோராலும் முடிவதுமில்லை.

*

வேப்பம்பட்டுக்கு முந்தைய ரயில் நிலையம் திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். சேக்கிழார் சொல்லும் கதை நாம் அறிந்ததே. சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிய பூசலார் எங்கெங்கோ அலைந்து பொருள் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, சிற்பிகளை அமர்த்தி, கோயிலைக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய பெருங்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளை நாம் நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குச் செல்கிறோம், உன் நாளைத் தள்ளி வை என்றார்.

இக்கதையைப் பக்தியின் மேன்மைக்குச் சான்றாகவே எப்போதும் சொல்லுகிறோம். அதில் ஒரு நிர்வாக நெறியும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பொருள் இல்லாதவன் குறித்த நாளும், பொருள் உள்ளவன் குறித்த நாளும் மோதும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது இரண்டாமவன். அவனால்தான் விட்டுக்கொடுக்க இயலும். மன்னனின் கோயில் மறுநாளும் அங்கேயே நிற்கும். இன்று நடப்பது நேர்மாறு. வங்கியின் ஒரு மாதம் அசையாது. கருவூலத்தின் நிதியாண்டு அசையாது. கல்லூரியின் கடைசி நாள் அசையாது. அசைய வேண்டியவள் லேத் தொழிலாளியின் மகள்.

மன்னர்கள் நாளைத் தள்ளிவைப்பது புராணத்தில் மட்டுமே நடக்கும் என்று யாரேனும் நகைக்கலாம். அமெரிக்காவில் அண்மையில் நடந்தது. அங்கே கல்லூரி மாணவர்கள் அரசு உதவிக்காக நிரப்பும் 'ஃபாஃப்சா' என்ற பொதுப் படிவம் வழக்கமாக அக்டோபர் முதல் நாள் திறக்கும். 2024-25 கல்வியாண்டுக்காகத் திருத்தியமைக்கப்பட்ட படிவம் 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. அதுவும் ஏகப்பட்ட பிழைகளோடு. மாணவர் விவரங்கள் கல்லூரிகளுக்கு 2024 மார்ச்சில்தான் செல்லத் தொடங்கின. எவ்வளவு உதவி கிடைக்கும் என்று தெரியாமல் எந்தக் கல்லூரியில் சேருவது என்று முடிவெடுக்க இயலாது அல்லவா? பல கல்லூரிகள் மே முதல் நாள் என்றிருந்த தங்கள் கடைசி நாளைத் தள்ளிவைத்தன. அதோடு நிற்கவில்லை. படிவம் இனி ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளுக்குள் திறக்கப்பட வேண்டும் என்று 2024 டிசம்பரில் சட்டமே இயற்றப்பட்டது. அமெரிக்கக் கல்விக் கட்டணமும் கடன்சுமையும் நாம் பின்பற்றத்தக்கவை அல்ல. ஆனால் உதவியின் தேதியைச் சட்டத்தில் எழுதலாம் என்பதை நாம் அங்கிருந்து கற்கலாம்.

*

எதிர்வாதங்களையும் பார்த்துவிட வேண்டும்.

கல்லூரிகளும் மாதந்தோறும் ஊதியம் தர வேண்டாமா என்று கேட்கலாம். தர வேண்டும். அரசின் தொகை ஆண்டுக்கணக்கில் தாமதமானால் சிறு கல்லூரிகள் திணறும் என்பது உண்மை. அதனால்தான் தாமதத்தின் சுமையை எவர் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. கருவூலம், வங்கி, கல்லூரி, குடும்பம் என்ற நால்வரில் மிகக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கக்கூடியவர் அரசு. மிகக் கூடுதலான வட்டிக்கு வாங்குபவர் குடும்பம். சுமையைக் கடைசி ஆளின் தோளில் ஏற்றுவது கருணையற்றது என்பதோடு, வெறும் கணக்காகப் பார்த்தாலும் மூடத்தனம்.

கல்விக் கடன்களில் வாராக்கடன் மிகுதி, வங்கி தயங்குவது இயல்பு என்றும் கேட்கலாம். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் 7.5 லட்சம் வரையிலான கடன்களுக்கு 2015இல் கடன் உத்தரவாத நிதி ஏற்படுத்தப்பட்டது. மேலும், தயங்குகிறவர் விரைவாக மறுத்துவிட்டால்கூட விண்ணப்பதாரர் வேறு வங்கிக்குப் போகலாம். ஒன்றும் சொல்லாமல் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்பதே கொல்லும் பதில்.

அரசியல் கட்சிகளின் அக்கறை வேறிடத்தில் இருக்கிறது. 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் கல்விக் கடன் தள்ளுபடி பற்றிய வாக்குறுதிகளைக் கேட்டோம். தள்ளுபடி என்பது கடனின் கடைசி நாளைப் பற்றிய பேச்சு. முதல் நாளைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சைக் கேட்டதாக நினைவில்லை. முதல் நாளில் கடன் கிடைக்காததால் கல்லூரிக்கே போகாதவர்களுக்குத் தள்ளுபடி செய்ய எதுவும் இல்லை.

செய்யக்கூடியது என்ன? புதிய திட்டம் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. இருப்பவற்றுக்குத் தேதி எழுதினால் போதும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையின் 2021ஆம் ஆண்டு நடுவண் வழிகாட்டுதல்களில் 'ஃப்ரீஷிப் அட்டை' என்ற ஏற்பாடு இருக்கிறது. தகுதியுள்ள மாணவர் அந்த அட்டையைக் காட்டி முன்பணம் இன்றிச் சேரலாம். உதவித்தொகை வந்ததும் கட்டணத்தைச் செலுத்தலாம். இதே நெறியை எல்லா வகை உதவிக்கும் விரிக்கலாம். கல்விக் கடனுக்கு விண்ணப்பித்ததற்கான, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வங்கி தந்தாக வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டும் மாணவருக்குக் கலந்தாய்வின் ஏழு நாள், வங்கி முடிவு சொல்லும் நாள்வரை நீள வேண்டும். அந்த நாளும் கடந்துபோனால், 2020இல் மருத்துவ மாணவர்களுக்கு அறிவித்ததைப் போன்ற சுழல்நிதி ஒன்று மாவட்ட அளவில் இருந்து முதற்பருவக் கட்டணத்தைக் கல்லூரிக்குச் செலுத்தி, வங்கிப் பணம் வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் பணம் இது; கொடையாகக் கரைந்துபோவது அல்ல. கட்டண நிலுவைக்காக மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கலாகாது என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பையும் உறுதியாகச் செயற்படுத்த வேண்டும்.

இவை நடக்கும்வரை, விண்ணப்பிக்கப் போகும் குடும்பங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். வித்யாலட்சுமி தளத்தில் பதிவு செய்து, அந்த விண்ணப்ப எண்ணோடு வங்கிக்குச் செல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது, தாளுக்கு உண்டு.

வள்ளுவர் உதவியைப் பற்றிப் பேசும்போது அதன் அளவைக் காட்டிலும் காலத்துக்கே எடை கூட்டினார். அவர் அதை வைத்த இடம் செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரம், அதாவது பெறுபவர் நினைவில் கொள்ள வேண்டியவை. கொடுப்பவர்கள் நினைவில் கொள்ளும்படி அதே செய்தி ஓர் அரசாணையிலும் ஒரு வங்கிச் சுற்றறிக்கையிலும் எழுதப்பட வேண்டும். அடுத்த கலந்தாய்வுக்கு முன்னதாக எழுதப்பட வேண்டும்.